நசுங்காத எலுமிச்சம்பழம்

நாமக்கல் லாரி முதலாளி நல்லியப்பனின் வாய்க்கு மட்டும் பிரேக்கே கிடையாது. அவரிடம் கேஸ் டேங்கர் ஓட்டும் செங்கோடன் போய் நின்றான். திங்கட்கிழமை டிரைவர்களுக்கு வருடாந்திரப் பயிற்சி. போகாவிட்டால் டேங்கர் ஓட்டும் அனுமதி போய்விடும். டேங்கர் டிரைவர்கள் ஐந்து பேருக்கும் சம்பளத்தோடு ஒரு நாள் லீவு கேட்டான்.

"நாப்பது வருஷத்துக்கு முந்தி நானும் லாரி ஓட்டினவன்தான். எந்தப் பயிற்சிக்குப் போனேன்? லாரியில எனக்குத் தெரியாதது ஒண்ணு காட்டு, அத்தனை பேரையும் அனுப்பறேன்!"

"உங்களுக்குத் தெரியாதது உண்டுங்களா? இன்னைக்குப் புது டேங்கருக்குப் பூஜை. எலுமிச்சம்பழத்து மேல நீங்களே வண்டிய ஏத்துங்க."

சொந்தபந்தமெல்லாம் பார்க்க, முதலாளி மீசையை முறுக்கிக்கொண்டு ஏறினார். இன்ஜின் உறுமியது, வண்டி அசையவில்லை. ஹேண்ட் பிரேக் கம்பியைத் தேடி சீட்டுக்குப் பக்கத்தில் துழாவினார், அடியில் துழாவினார். கற்பூரம் அணைந்தது. நாலு பழமும் முழுசாகக் கிடந்தன. சம்பந்தியம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

"டேய் செங்கோடா, கம்பி எங்கடா?"

"இந்த வண்டிக்கான பாடம் திங்கட்கிழமைதானுங்க."

"போய்த் தொலைங்கடா, அஞ்சு பேரும், சம்பளத்தோட!" என்று எல்லோர் காதிலும் விழக் கத்தினார் முதலாளி.

செங்கோடன் படியில் ஏறி, கையை நீட்டி, ஸ்டீயரிங் பக்கத்தில் கம்பிக்குப் பதிலாக இருந்த சின்ன ஹேண்ட் பிரேக் குமிழை ஒரு விரலால் தட்டினான். வண்டி நகர்ந்தது, நாலு பழமும் நசுங்கின.

"இப்ப மட்டும் எப்படிடா தெரிஞ்சுது?"

"அனுப்பறேன்னு நீங்க சொன்னதுமே பாதிப் பாடம் ஏறிடுச்சுங்க முதலாளி."