முறுக்கிக்கொண்ட ஊஞ்சல் பலகை

முன்னொரு காலத்தில் என்று ஆரம்பித்தால், எந்தக் காலம் ஐயா என்று கேட்பீர்கள். மீசை வைத்தவனெல்லாம் அதை முறுக்கிக்கொண்டே திரிந்த காலம். போதுமா? ஊர்ப் பெயர் மட்டும் கேட்காதீர்கள். சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் என்னிடம் முறுக்கிக்கொள்வார்கள்.

அந்த நாட்டு அரசருக்குத் திடீரென்று ஓர் ஆசை வந்தது. தம் பிறந்தநாளன்று புது ஊஞ்சலில் அரசியாரோடு உட்கார்ந்து ஆட வேண்டும். ஒரே பலகை, வேங்கைப் பலகை, ஒட்டு இல்லாமல், ஆறு முழ நீளத்துக்கு. பிறந்தநாளுக்கு இன்னும் இருபது நாள்தான் இருந்தது. வேலையை மேற்பார்வை பார்க்கும் பொறுப்பைத் தளவாய் மல்லப்பரிடம் கொடுத்தார். படைத் தலைவருக்கு மரவேலை என்ன தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். அரசர் கேட்கவில்லை.

பிறந்தநாள் வந்தது. மேல்மாடத்தில் ஊஞ்சலைப் பூவால் அலங்கரித்திருந்தார்கள். அரசர் கம்பீரமாகப் போய் உட்கார்ந்தார். 'லொடக்!' பலகையின் ஒரு மூலை மேலே எழும்பியது. வெற்றிலைப் பெட்டி சறுக்கியது. பெட்டியைப் பிடிக்கச் சாய்ந்த அரசரும் சறுக்கி, நேராகத் தரையில் போய் உட்கார்ந்தார். கிரீடம் மட்டும் ஊஞ்சலில் இருந்து ஆடியது.

அரசியாருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. அரசர் முகம் இறுகிவிட்டது.

உடனே தளவாய் குனிந்து பலகையைப் பார்த்தார். நடுவில் குழிந்து, எதிரெதிர் மூலைகள் இரண்டும் மேலே தூக்கியிருந்தன. "அரசே, பலகை முறுக்கிக்கொண்டுவிட்டது" என்றார்.

அரசர் இருந்த கோபத்தில் அந்தச் சொல் வேறு மாதிரி காதில் விழுந்தது. "என்னிடமா? என்னிடமா முறுக்கிக்கொள்கிறது? ஒரு மரத்துண்டுக்கு இவ்வளவு திமிரா?"

"எல்லாம் பூவலிங்க ஆசாரியின் வேலை, அரசே. அவன்தான் பலகை அறுத்தவன்."

"எழுதுங்கள் ஆணையை! இந்த நாட்டில் இனி எதுவும் முறுக்கிக்கொள்ளக் கூடாது. மீறினால், காரணமானவனின் கட்டைவிரல் போகும்!"

ஆசாரிக்குக் கட்டைவிரல் போனால் என்ன மிச்சம்? உளியை எதைக்கொண்டு பிடிப்பான்? இதைக் கேட்டதும் சபையில் இருந்த விகடர் குழைக்காதருக்கு மனசு பொறுக்கவில்லை. "அரசே, பலகையை நேராக்கிவிட்டால்?" என்று வாயை விட்டுவிட்டார்.

இந்த வாய்க்காகத்தான் தளவாய் பல வருஷமாகக் காத்திருந்தார். தளவாய் போரில் ஜெயித்து வந்தால் அரசர் தலையசைப்பார்; குழைக்காதர் தும்மினால்கூடச் சிரித்துப் பரிசு கொடுப்பார். எரிச்சல் இருக்காதா? மீசையை ஒரு முறுக்கு முறுக்கிவிட்டுச் சொன்னார்: "நல்ல யோசனை. விகடரே நேராக்கட்டும். எட்டு நாள் தவணை. ஆனால் உளி, இழைப்புளி, சுத்தியல், நெருப்பு எதுவும் ஆகாது. ஆசாரி கையும் படக் கூடாது. நேராகவில்லை என்றால் ஆசாரி விரலோடு விகடர் விரலும் போகட்டும். ஆணையில் 'எதுவும்' என்று மட்டும் எழுதினால் இவர் ஏதாவது சந்தில் நழுவிவிடுவார். 'எவரும், எதையும்' என்றும் சேர்த்து எழுத வேண்டும்."

"அப்படியே ஆகட்டும்" என்று முத்திரை வைத்தார் அரசர். அரசியார் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் எழுந்து போய்விட்டார்.

குழைக்காதர் தம் கட்டைவிரலை ஒரு தரம் பார்த்துக்கொண்டார். மரத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்தது, அதில் காய் காய்க்கும் என்பது மட்டும்தான். நேராக ஆசாரியை அடைத்து வைத்திருந்த காவற்கூடத்துக்குப் போனார். பூவலிங்க ஆசாரி சுவரோரம் இரண்டு கையையும் அக்குளில் செருகி உட்கார்ந்திருந்தார்.

"ஆசாரியாரே, பலகை உம்மிடம் ஏன் முறுக்கிக்கொண்டது?"

"முறுக்கவும் இல்ல, கிறுக்கவும் இல்லய்யா. அது பச்சை மரம். 'ஒரு கோடையாச்சும் காயணும் தளவாய் அய்யா'ன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன். 'அரசர் பிறந்தநாள் உன் கோடைக்குக் காத்திருக்குமா'ன்னுட்டாரு. சரி, அறுத்தவரைக்கும் நிழல்ல அடுக்கி, ரெண்டு பக்கமும் காத்துப் படுற மாதிரி வைப்போம்னா, எல்லாரும் பாக்கணும்னு கொண்டுபோயி மொட்டைமாடியில மல்லாத்திப் போட்டுட்டாரு. பங்குனி வெயிலு! மேல் பக்கம் காஞ்சு சுருங்கிருச்சு. அடிப்பக்கம் ஈரத்தோட அப்படியே இருக்கு. ஒரு பக்கம் இழுத்தா மரம் என்ன செய்யும்? நீங்க இருந்தாலும் கோணிக்கிடுவீங்க."

"இப்போது அதை நேராக்க வழி உண்டா? கருவி கூடாது, உம் கையும் கூடாது."

ஆசாரி முதல் தடவையாகக் கையை வெளியே எடுத்தார். "கருவி எதுக்குய்யா? எப்படிக் கெட்டுதோ அப்படியே திருப்பணும். குழிஞ்ச பக்கத்த ஈரப் புல்லுல கவுத்துப் போடுங்க. முதுகுப் பக்கத்துக்கு வெயில் காட்டுங்க. குழிஞ்சது ஈரம் குடிச்சு விரியும், முதுகு காஞ்சு சுருங்கும். கவுத்துப் போட்டதும் தூக்கிட்டு நிக்கிற ரெண்டு மூலையிலயும் நல்ல பாரம் வைக்கணும். படிஞ்சதும் நிழல்ல நிறுத்தி, ரெண்டு பக்கமும் ஒண்ணுபோலக் காய விடணும். பாரந்தான்யா முக்கியம். அசையாத பாரம்."

அசையாத பாரத்துக்கு எங்கே போவது என்று யோசித்தபடி குழைக்காதர் வெளியே வந்தார். எதிரே தளவாய் மல்லப்பர் வந்துகொண்டிருந்தார். குழைக்காதர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். மனசுக்குள் ஒரு நிம்மதி வந்தது.

"தளவாய் அவர்களே, பலகையை அறுகம்புல் தரையில் கவிழ்த்துப் போடப் போகிறேன். எனக்கு ஒரே பயம்தான். நான் பலகையை மாற்றி வைத்துவிட்டதாக நாளைக்கு நீங்களே சொல்லுவீர்கள்."

"சொல்லுவேன்தான். நீர் செய்யக்கூடிய ஆள்தான்."

"ஆகவே நீங்களே அதன் மேல் உட்கார்ந்து காவல் இருந்துவிடுங்களேன். இந்த மூலையில் நீங்கள். அந்த மூலையில் உங்கள் ஆள் ஒருவர்."

தளவாய் யோசித்தார். இதில் ஏதோ சூது இருக்கிறது என்று தெரிந்தது. என்ன சூது என்று தெரியவில்லை. சூது இருந்தால் பக்கத்திலேயே இருந்து பார்ப்பதுதான் நல்லது என்று உட்கார்ந்துவிட்டார். தம்மைப் போலவே தாட்டியான ஒரு படைவீரனை எதிர் மூலையில் உட்கார வைத்தார். கீழே ஈரம், மேலே வெயில். காலையில் உட்கார்ந்தால் பொழுது சாயும்போதுதான் எழுந்திருப்பார். குழைக்காதர் தினமும் புல்லுக்கு மட்டும் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். பலகையைத் தொடவே இல்லை.

இங்கே இப்படி இருக்க, ஊருக்குள் நடந்ததைக் கேளுங்கள். 'எதுவும் முறுக்கிக்கொள்ளக் கூடாது. எவரும் எதையும் முறுக்கக் கூடாது' என்று பறையடித்துச் சொன்னார்களா, மறுநாள் காலையிலேயே அரண்மனை வாசலில் கூட்டம் கூடிவிட்டது. எல்லாருக்கும் சந்தேகம். பதில் சொல்ல உட்கார்ந்த எழுத்தருக்கு அதைவிடச் சந்தேகம்.

"ஐயா, துவைச்ச துணிய முறுக்கிப் பிழியலாமா?"

"முறுக்கிப் பிழிந்தால் தப்பு. முறுக்காமல் பிழி."

"அது எப்படிய்யா?"

"எனக்கென்ன தெரியும்? அடுத்த ஆள்!"

கயிறு திரிப்பவன் வந்தான். முறுக்காமல் கயிறு ஏது? விளக்குத் திரி போடும் பண்டாரம் வந்தார். பலகாரக்கார வடிவம்மாள் கூடையோடு வந்தாள்: "நான் மாவைப் பிழியத்தான் செய்றேன் சாமி, முறுக்கவே இல்ல. ஆனா அதுக்குப் பேரு முறுக்கு. பேருக்கு விரல வெட்டுவீங்களா, வேலைக்கு வெட்டுவீங்களா?" எழுத்தர் ஆணையை மூன்று தரம் படித்தார். தலையைப் பிடித்துக்கொண்டார். "எதற்கும் விற்காதே அம்மா" என்றார்.

பின்னாலேயே ஒரு பெரியவர் தம் மருமகனைக் கையைப் பிடித்து இழுத்து வந்தார். "தலைதீபாவளிக்கு வந்தவன், மாசம் ஆறு ஆச்சு, மாப்பிள்ளை முறுக்கு இன்னும் குறையல. சோறு வெச்சா முகத்தத் திருப்புறான். இவன் விரல எடுங்க!" மருமகன் அலறினான்: "காரணமானவன் விரலத்தான எடுக்கணும்? என் முறுக்குக்குக் காரணமே இவருதான்யா!" எழுத்தர் எழுத்தாணியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

அரண்மனையிலும் அதே கதைதான். அரசரின் வேட்டி சொட்டச் சொட்ட வந்தது. கிணற்றுக் கயிறு அறுந்து, புதுக் கயிறு இல்லாமல் குளியல் நின்றது. வீணைக்காரர் முறுக்காணியைத் தொடப் பயந்து, சுருதி சேராத வீணையை அப்படியே வாசித்தார். மாலையில் அரசர் பலகாரத் தட்டைப் பார்த்தார். அதில் அவல் இருந்தது.

"முறுக்கு எங்கே?"

"தங்கள் ஆணை, அரசே" என்றான் பணியாள், தன் கட்டைவிரலை மறைத்துக்கொண்டு.

அரசருக்கு ஒன்றும் புரியவில்லை. நாம் சொன்னது என்ன, நடப்பது என்ன? அரசியாரிடம் கேட்டால் சொல்லுவார். ஆனால் அவரிடம்தான் பேச்சே இல்லையே! சிரித்தவர் அவரல்லவா, அவரே வந்து பேசட்டும் என்று அரசர் ஈர வேட்டியோடு தனியாக உட்கார்ந்து அவலைக் கொறித்தார்.

ஆறாம் நாள் பலகை படிந்துவிட்டது. இரண்டு நாள் நிழலில் நிறுத்தி வைத்தார்கள்; தளவாய் பக்கத்தில் நின்று காவல் காத்தார். எட்டாம் நாள் சபைக்கு நடுவே கல்தரையில் போட்டார்கள். பூவலிங்க ஆசாரியையும் கொண்டு வந்து நிறுத்தியிருந்தார்கள். அவர் பலகையைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

அரசர் ஒரு மூலையில் காலை வைத்து அழுத்தினார். சத்தம் இல்லை. மறு மூலையில் அழுத்தினார். சத்தம் இல்லை. ஆசாரி கண்ணைத் திறந்தார்.

"விகடரே, எப்படி நேராக்கினீர்?"

"நான் எங்கே நேராக்கினேன், அரசே? நான் புல்லுக்குத் தண்ணீர் விட்டேன். பலகையின் மேல் ஆறு நாள் உட்கார்ந்து நேராக்கியவர் தளவாய்தான். நல்ல பாரம். ஆசாரியார் கேட்டது போலவே அசையாத பாரம்."

சபை கொல்லென்று சிரித்தது. தளவாய்க்கு ரத்தம் தலைக்கேறியது. பழக்கதோஷம், கை தானாக மேலே போனது. மீசையின் இரண்டு நுனியையும் பிடித்து நன்றாக ஒரு முறுக்கு முறுக்கினார்.

"ஆணை!" என்று கத்தினார் குழைக்காதர். "எவரும், எதையும்!"

சபை அடங்கிவிட்டது. தளவாயின் கை மீசையிலேயே நின்றது. எடுக்கவும் பயம், எடுக்காமல் இருக்கவும் பயம். "அரசே, இது... மீசை..." என்று குழறினார்.

குழைக்காதர் கையை உயர்த்தினார். "பொறுங்கள். வரிசை தவறக் கூடாது. இவருக்கு முன்னாலேயே ஆணையை மீறியவர் ஒருவர் இருக்கிறார். பறையடித்த அன்றே மீறியவர். எட்டு நாளாக விடாமல் மீறிக்கொண்டிருப்பவர்."

"யார் அவன்?" என்றார் அரசர்.

"அரசியாரிடம் எட்டு நாளாகப் பேசாமல் முறுக்கிக்கொண்டிருப்பவர், அரசே."

அவ்வளவுதான். அரசர் தம் கட்டைவிரலைப் பார்த்தார். குழைக்காதரைப் பார்த்தார். மறுபடியும் கட்டைவிரலைப் பார்த்தார். அப்போது மேலே பலகணிக்குப் பின்னால் இருந்து ஒரு சிரிப்பு வந்தது. அன்றைக்கு வந்த அதே சிரிப்பு. அரசரின் உதடு முதலில் துடித்தது, பிறகு தோள் குலுங்கியது, பிறகு அரியணையின் கைப்பிடியில் ஓங்கி அடித்துச் சிரித்தார். சிரித்துக்கொண்டே ஆணை ஓலையை வாங்கி இரண்டாகக் கிழித்தார்.

"தளவாயே, மீசையை விடும். உம் விரல் உம்மிடமே இருக்கட்டும்."

பிறகு ஆசாரியின் பக்கம் திரும்பினார். "இப்போது நீர் சொல்லும். பலகை ஏன் கோணிற்று?"

ஆசாரி சொன்னார். பச்சை மரம், மொட்டைமாடி, ஒரு பக்க வெயில், எல்லாம் சொன்னார். தளவாய் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இவ்வளவும் தெரிந்து ஏன் அன்றைக்கே என்னிடம் சொல்லவில்லை?"

"என்னைய யாரும் கேக்கலயே, மகராசா."

அரசர் தளவாயைத் திரும்பிப் பார்த்தார். "ஒரு பக்கமே வெயில் வாங்கியது பலகை மட்டும் இல்லை, நானும்தான்" என்று மெல்லச் சொன்னார். இறங்கி வந்து, ஆசாரியின் கட்டைவிரலைத் தம் கையில் பிடித்துப் பார்த்துவிட்டு, தம் கணையாழியைக் கழற்றி அந்த விரலிலேயே போட்டார். இனி ஆசாரி காய்ந்தது என்று சொல்லும்வரை அரண்மனைக்கு எந்த மரத்தையும் அறுக்கக் கூடாது என்று வாய்வார்த்தையாகவே சொன்னார். எழுத்தில் எதுவும் வேண்டாம் என்று எழுத்தரே கும்பிட்டுக் கேட்டுக்கொண்டாராம்.

ஆசாரி பலகைக்கு அடியில் குறுக்குச் சட்டம் இரண்டு அடித்து, மேலும் கீழும் ஒன்றுபோல எண்ணெய் தேய்த்துக் கொடுத்தார். அன்று சாயங்காலம் அரசரும் அரசியாரும் ஊஞ்சலில் உட்கார்ந்தார்கள். அரசர் முதலில் ஒரு கையால் தூணைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்தார்.

"உமக்கு என்ன வேண்டும், குழைக்காதரே? எது கேட்டாலும் தருகிறேன்."

"எட்டு நாளாக நாக்கு செத்துப்போயிற்று, அரசே. வடிவம்மாள் அடுப்பைப் பற்ற வைத்துவிட்டாள் என்று கேள்விப்பட்டேன்."

ஒரு பெரிய தாம்பாளம் நிறைய முறுக்கு வந்தது. அரசர் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே தாம்பாளத்தை அவர் பக்கம் தள்ளினார். குழைக்காதர் ஒன்றை எடுத்துத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "இதை மட்டும் நேராக்கச் சொல்லிவிடாதீர்கள்" என்று சொல்லிவிட்டு, அரசர் பதில் சொல்வதற்குள் கடித்துவிட்டார்.