மணிகளை எழுதிய ஓலை

செங்கமலத்தின் கை வெற்றிலையில் இருந்தது. காம்பைக் கிள்ளினாள், நரம்பை உரித்தாள், சுண்ணாம்பைத் தொட்டுத் தடவினாள். காது மட்டும் மந்திரி அளகேசர் பேச்சில் இருந்தது.

பனிமலைக் கோட்டையின் அரசர் கொற்றவேளுக்கு வெற்றிலை மடித்துக் கொடுப்பது அவள் வேலை. சபையில் அவள் வாய் திறப்பதே அபூர்வம். திறந்துவிட்டாலோ, அரசர் மெல்லுவதை நிறுத்திவிடுவார்.

அந்த ஊரில் பாதி நாள் பனிமூட்டம். எதிரில் வருவது மாடா மாமனாரா என்று தெரியாது. அதனால் வீட்டுக்கு வீடு வாசலில் ஒரு வெண்கல மணி தொங்கும். காற்றுக்கு ஆடும். பெண்ணைக் கட்டிக்கொடுக்கும்போது தாய் வீட்டில் வார்த்துக் கொடுக்கிற மணி அது. ஒன்றின் ஓசை இன்னொன்றுக்கு வராது. அவள் எங்கே குடி போனாலும் மணியும் கூடப் போகும். கழற்றினால் அந்த வீட்டுப் பெண் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று அர்த்தம்.

இந்த மணிகளைத்தான் மந்திரி பிடித்துக்கொண்டார். தெருத்தெருவாகக் காதுக்காரர்களை அனுப்பினார். எந்த மணி என்ன ஓசை, எந்த வீட்டு வாசல் என்று கேட்டுக் கேட்டு எழுதச் சொன்னார். அந்த ஓலையைச் சந்தை மண்டபத்தில் தொங்கவிட்டார். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பனியில் தவித்தவன் சுற்றியுள்ள நாலு மணியைக் காது கொடுத்துக் கேட்டால் போதும், நிற்கிற இடம் தெரிந்துவிடும். நல்ல யோசனைதான், அதில் பொய்யில்லை.

"வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுதில் நெசவாளர் தெரு ஓலையும் தொங்கிவிடும், மகாராஜா" என்றார் மந்திரி.

செங்கமலத்தின் கையில் இருந்த வெற்றிலை கிழிந்தது.

நெசவாளர் தெருவில்தான் அவள் தங்கை நாச்சி இருக்கிறாள். புருஷன் அடி தாங்காமல், பிறந்து பத்தே நாளான குழந்தையையும் மணியையும் தூக்கிக்கொண்டு கீழ்க்கோட்டையிலிருந்து ஓடி வந்தவள். அவனோ தினமும் மண்டபத்தில் வந்து உட்காருகிறான். "விரிசல் விட்ட மணி இருக்கா? கரகரன்னு பேசுமே?" என்று ஓலை படிப்பவரைக் குடைகிறான்.

"மகாராஜா, ஒரு வார்த்தை" என்றாள் செங்கமலம்.

அரசர் மெல்லுவதை நிறுத்தினார்.

"வீட்டுக்காரரைக் கேட்காமல் அவர் மணியை எழுதலாமா?"

மந்திரி சிரித்தார். "ஓசை தெருவுக்கு வருது. தெருவில் வருவதைக் கேட்டால் குத்தமா? ஆள் பேரையா எழுதினோம்? மணியை மட்டும்தானே அம்மா! பிடிக்காதவங்க வாசலில் சிவப்புத் துணி கட்டட்டும், விட்டுடறோம்."

"ஒளிந்திருக்கிறவள் வாசலில் துணி கட்டினால், இங்கேதான் இருக்கேன்னு தமுக்கு அடித்த மாதிரி ஆகாதா ஐயா?"

"அட, தப்பு செய்யாதவங்களுக்கு என்ன பயம்?" என்றார் அரசர். "எனக்கு இருக்கா? நம் ஊர்த் தெருவில் கேட்கிற ஒரு மணிகூட விடுபடக் கூடாது!"

"ஒரு மணிகூட?"

"ஒன்றுகூட!"

"உத்தரவுதானே, மகாராஜா?"

"உத்தரவு!"

செங்கமலம் நேரே காதுக்காரர்களின் தலைவரிடம் போனாள். அரசர் வாய்ச்சொல்லை அப்படியே சொன்னாள். அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "ஒரே ஒரு மணியைப் பயந்துகொண்டு எழுதாமல் விட்டிருந்தோம், தாயே."

"இனி எழுதுங்க."

வெள்ளிக்கிழமை காலை சபை கூடியது. மகாராணியும் வந்து உட்கார்ந்தாள். அரசர் உடம்பு கனத்துவிட்டது, ஒரு மண்டலத்துக்கு இனிப்பு வாயில் படக் கூடாது என்று வைத்தியர் சொல்லியிருந்தார். சமையல்கட்டுச் சாவி ராணி இடுப்பில். பாவம் அரசர், விடிந்தும் விடியாமலும் பனியிலேயே கோயிலைச் சுற்றப் போய்விடுவார்.

காதுக்காரர் தலைவர் புது ஓலையை எடுத்தார். படிக்கப் பயந்து பக்கத்தில் நீட்டினார். செங்கமலம் வாங்கிப் படித்தாள்.

"சின்ன வெள்ளி மணி. திங்கள் விடியல். அரண்மனைப் பின்வாசல் வழி வந்தது. கோயில் பக்கம் திரும்பவில்லை. எண்ணெய்க்காரத் தெரு, அதிரசம் சுடுகிற வள்ளியக்காள் அடுப்படியில் நின்றது. ஒரு நாழிகை அசையவில்லை."

அரசருக்குப் புரை ஏறியது.

"செவ்வாய் விடியல். அதே மணி, அதே அடுப்படி. போகும்போது ஓசை துள்ளல். வரும்போது ஓசை மந்தம். நடை பாரம்."

அரசர் குடும்பத்தில் வழிவழியாக ஒரு வழக்கம். அரசர் உடைவாளில் ஒரு வெள்ளி மணி கட்டியிருக்கும், ஜனங்கள் கேட்டு வழிவிடுவதற்காக. இது சபை முழுக்கத் தெரியும். அத்தனை பேரும் கூரையைப் பார்த்தார்கள்.

"யார் மணி அது?" என்றாள் ராணி.

"பேர் எழுதவில்லையே மகாராணி" என்றாள் செங்கமலம். "மணியை மட்டும்தான் எழுதியிருக்கு."

அரசர் சிங்காசனத்தில் சிலையாகிவிட்டார். மூச்சுவிட்டால்கூட மணி ஆடிவிடுமே! உதடு மட்டும் அசைந்தது. "அளகேசரே, எல்லா ஓலையையும் எடுத்து அடுப்பில் போடும்."

"நெசவாளர் தெருவும் சேர்த்தா, மகாராஜா?" என்று கேட்டாள் செங்கமலம்.

"முதலில் அதைப் போடும்! எண்ணெய்க்காரத் தெருவையும்!"

"வழி தெரியாமல் ஜனங்கள் தவிப்பார்களே?" என்றார் மந்திரி.

செங்கமலம் வெற்றிலையை நீட்டினாள். "முச்சந்திக்கு முச்சந்தி அரண்மனைச் செலவில் ஒரு மணி கட்டுங்க. அதை எழுதுங்க. வீட்டு மணி வீட்டுக்காரரோடு இருக்கட்டும்."

"அப்படியே!" என்றார் அரசர், தலையை ஆட்டாமலே.

அடுப்பில் ஓலை படபடவென்று எரிந்தது. மண்டபத்தில் காத்திருந்த நாச்சி புருஷனுக்கு, முச்சந்தி மணிகள் வரப்போகிற சேதி மட்டும் கிடைத்தது. நாலு நாள் பார்த்தான். கீழ்க்கோட்டைக்கே திரும்பிப் போய்விட்டான்.

அது பிறகு. ஓலை எரிகிற அந்த நேரத்தில், சபையில் அரசர் இன்னும் அசையவில்லை. செங்கமலம் பக்கம் கண்ணை மட்டும் உருட்டினார். குரலைத் தாழ்த்தினார்.

"கெட்டிக்காரி அம்மா நீ. உனக்குப் பரிசாக நான் இப்போதே ஒரு..."

"அரசே!" எழுந்து போயிருந்த ராணி, சபை வாசலில் நின்று கூப்பிட்டாள். உதட்டோரம் சிரிப்பு. "வைத்தியர் வந்திருக்கிறார். கொஞ்சம் எழுந்து நடந்து வாருங்கள், ஓசை கேட்கட்டும்."