ஜெபமாலையில் ஏறிய வினைச்சொல்

ஆஸ்பத்திரி நர்ஸ் அமலோற்பவம் சிஸ்டரை ஒரேயொரு ஆங்கில வார்த்தை பாடாய்ப் படுத்திக்கொண்டிருந்தது. கெட்.

பெரிய வார்த்தைகூட இல்லை. வாய்க்குள் நுழையாத மருந்துப் பெயரையெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். இந்தத் துக்கடா வார்த்தையில்தான் தடுக்கி விழுந்தாள். அதுவும் இரண்டு தடவை.

விஷயம் இதுதான். அவள் புருஷன் ஆரோக்கியம் அயர்லாந்தில் ஒரு ஓட்டலில் சமையல்காரர். அதே ஊரில் ஒரு முதியோர் இல்லத்துக்கு நர்ஸ் தேவை. வேலை கிடைத்தால் இரண்டு பேரும் ஒரே வீட்டில் உட்கார்ந்து சோறு சாப்பிடலாம். கிடைக்காவிட்டால் வீடியோ காலில் முகம் பார்த்தே கிழடாக வேண்டியதுதான். இரண்டு இன்டர்வியூ ஊற்றிக்கொண்டது. இதுதான் கடைசி என்று ஏஜென்சிக்காரன் மூஞ்சிக்கு நேராகவே சொல்லிவிட்டான்.

இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கும் ஃபஸீலா டீச்சருக்கு அவளில் பாதி வயசுதான். புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில், பேட்டரி கடை மாடியில் வகுப்பு. இன்டர்வியூவும் அங்கேதான், டீச்சரின் லேப்டாப்பில், மதியம் மூன்று மணிக்கு.

அன்றைக்குப் படியேறும்போதே அமலோற்பவத்தின் உதடு அசைந்துகொண்டிருந்தது. கையில் ஜெபமாலை.

"ஜெபமா சிஸ்டர்?"

"இல்ல டீச்சர். கெட்."

"என்னது?"

"மணிக்கு ஒரு அர்த்தம். இது வாங்கு. இது போய்ச் சேர். இது புரிஞ்சுக்கோ. இந்தா, இது ஆகு."

அகராதியில் கிடந்ததையெல்லாம் மாலை முழுக்க ஏற்றி வைத்திருந்தாள். பஸ்ஸில், வார்டில், சோறு வடிக்கும்போது, எந்நேரமும் உருட்டல்தான்.

"போன தடவையும் இதே மாதிரியா?"

"ஆமா. இன்டர்வியூ எடுத்த வெள்ளைமுடிக்காரம்மா ஏதோ கேட்டாங்க, நடுவுல ஒரு கெட் வந்துச்சு. முதல் மணியில இருந்து தள்ளிக்கிட்டே வந்தேன். சரியான மணி வர்றதுக்குள்ள அவங்க தேங்க்யூ சொல்லிட்டாங்க."

ஃபஸீலா சிரிப்பை அடக்கப் பார்த்தாள். முடியவில்லை. அமலோற்பவமும் சிரித்தாள். சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க சிரிக்கலாம். எனக்கு உதறுது. இந்தச் சனியன் பிறந்தப்ப என்ன அர்த்தம் டீச்சர்? அதையாவது கெட்டியா பிடிச்சுக்கறேன்."

"அதேதான்."

"எது?"

"பிடிக்கிறது. கைக்கு எட்டுறது. வடக்குக் கடல்ல கப்பல் ஓட்டினவங்க பேச்சுல இருந்து வந்ததும்பாங்க. பிடி நழுவினா ஃபர்கெட்."

"எனக்கு நழுவத்தான் செய்யுது. ஒரு அர்த்தத்தோட வந்தது எப்படி இத்தனை ஆச்சு? மொத்தம் எத்தனை? மிச்சம் மீதியையும் இப்பவே சொல்லிடுங்க, நேரம் இருக்கு."

டீச்சர் செருப்பைக் கழற்றினாள். பெஞ்சில் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"டீச்சர்? தலை சுத்துதா?"

"கோ அவே," என்று ஃபஸீலா முனகினாள். "மை லெக்ஸ் ஆர் டெட்."

விளையாடுற நேரமா இது? அமலோற்பவத்துக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் எரிச்சலுக்கு முன்னால் வார்டுப் பழக்கம் ஓடிவந்துவிட்டது. படுத்துக்கொண்டு மல்லுக்கட்டுகிற கிழவிகளை எத்தனை பேரைப் பார்த்திருப்பாள்! மாலையை மேஜையில் வைத்தாள். தூக்க இரண்டு கையும் வேண்டுமே. டீச்சரை ஒருக்களித்துத் திருப்பி, முட்டியை மடக்கி, காலை முதலில் கீழே தொங்கவிட்டு, தோளுக்கு அடியில் கை கொடுத்தாள்.

"டோன்ட் டாக் லைக் தட்," என்று அதட்டினாள். "யூ வில் கெட் பெட்டர். கம், கெட் அப். ஸ்லோலி."

"தர்ஸ்டி."

"சிட். ஐ வில் கெட் வாட்டர்."

பானையில் மொண்டு கொண்டுவந்து கொடுத்தாள். ஃபஸீலா சாவகாசமாகக் குடித்து முடித்தாள்.

"மூணு கெட் வந்துடுச்சு. மாலை எங்க சிஸ்டர்?"

அமலோற்பவம் தன் கையைப் பார்த்தாள். பிறகு மேஜையைப் பார்த்தாள்.

"அதை மாதாவுக்கே விட்டுடுங்களேன். அவங்களோடது அது."

அமலோற்பவம் மாலையை எடுத்து உதட்டில் ஒற்றி முத்தி செய்து கைப்பையில் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

மூன்று மணிக்குத் திரையில் அதே வெள்ளைமுடிக்காரம்மா. எடுத்த எடுப்பிலேயே, "ஹவ் டிட் யூ கெட் இன்டு நர்சிங்?"

அமலோற்பவத்தின் விரல் மடியில் துழாவியது. மணி இல்லை. வெறும் முந்தானைதான் இருந்தது. வேறு வழியில்லாமல் வாயைத் திறந்தாள்.

அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்ததைச் சொன்னாள். முதுகுப் புண்ணைச் சொன்னாள். பள்ளிக்கூடம் விட்டு வந்து வெந்நீர் வைத்துத் துடைத்ததைச் சொன்னாள். இலக்கணம் அங்கங்கே நொண்டியது, இல்லை என்று சொன்னால் பொய். அந்தம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். திருப்பிக் கேட்டாள். இவள் திருப்பிச் சொன்னாள். முடிக்கும்போது அந்தம்மா சிரித்த முகமாக, "வீ வான்ட் டு கெட் யூ ஹியர் பிஃபோர் கிறிஸ்துமஸ்," என்றாள்.

"தேங்க்யூ மேடம்," என்று இந்தத் தடவை அமலோற்பவம் முந்திக்கொண்டாள்.

லேப்டாப்பை மூடியதும் நாற்காலியில் பொத்தென்று சாய்ந்தாள். அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே தெரியவில்லை. செருப்பை உதறிக் காலை நீட்டிக்கொண்டாள். இத்தனை மாசமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிப் போயிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்தாள்.

"டீச்சர், கடைசியா ஒரு கெட் சொன்னாங்களே. அது என் மாலையில இல்லையே. அதுக்கு என்ன அர்த்தம்?"

ஃபஸீலா மேஜையிலிருந்த அவளுடைய போனை எடுத்து நீட்டினாள்.

"உங்க வீட்டுக்காரருக்குப் போடுங்க. அவர் சொல்லுவார்."