தலைப்பாகையில் வந்த முட்டைகள்

ரொம்பக் காலத்துக்கு முந்தி கொன்றைநாடு என்று ஒரு நாடு இருந்தது. மணவாளவர்மன் என்ற ராஜா அதை ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் காலையில் போட்ட உத்தரவை மத்தியானம் மாற்றுவார், மாற்றியதைச் சாயங்காலம் மறந்துவிடுவார். அவர் மறக்காதது ஒன்றே ஒன்று: காலைப் பலகாரத்தோடு மிளகு தூவிய அவித்த முட்டை.

அந்த முட்டைக்குப் பொறுப்பு அரண்மனைக் காரியக்காரர் வயிரவநாதர். கொல்லையில் தேக்குச் சட்டம் அடித்து, பித்தளைத் தாழ்ப்பாள் போட்டு, கூண்டு கட்டிவைத்திருந்தார். கோழிகள் வெளியே கால் வைக்கக்கூடாது. சாவி அவர் இடுப்பில். மனுஷன் தட்டில் வந்த முட்டையைப் பார்த்தவரே தவிர கோழி வளர்த்தவர் இல்லை, பாவம்.

ஒருநாள் மந்திரி சேந்தனார் தன் வீட்டு முட்டைகள் சிலவற்றைக் கொண்டுவந்தார். அவர் வீட்டுக் கோழிகள் தெரு, தோப்பு, குப்பைமேடு என்று இஷ்டத்துக்குத் திரிகிறவை. ராஜா ஒன்றை வாயில் போட்டார்.

"அடடா! மஞ்சள் கருவா இது, மாம்பழமா?" என்று வாய்விட்டுச் சிரித்து, மந்திரியின் முதுகில் ஓங்கித் தட்டினார்.

அந்தத் தட்டு வயிரவநாதருக்கு வயிற்றில் விழுந்தது. 'இத்தனை வருஷமாக முட்டை அனுப்புகிறேனே, என் முதுகை ஒரு தடவையாவது தொட்டிருக்கிறாரா?' அன்றைக்குச் சோறு இறங்கவில்லை அவருக்கு.

மறுநாள் சபையில் எழுந்து நின்றார். "அரசே! ஊர்க் கோழிகள் குப்பையைக் கிளறுகின்றன, காயப்போட்ட நெல்லைக் கொத்துகின்றன. ராஜவீதியில் தங்கள் பல்லக்குக்கு முன்னால் எச்சம் போடுகின்றன! எல்லாவற்றையும் கூண்டில் அடைக்க உத்தரவிடுங்கள்."

"அடைத்தால் இரை நாம் போடவேண்டுமே, அரசே," என்றார் சேந்தனார். "தங்களுக்கே கஞ்சி போதாத வீட்டில் கோழிக்கு எங்கே போவார்கள்? அறுத்துத்தான் தின்பார்கள். அப்புறம் முட்டையும் இல்லை, கோழியும் இல்லை."

"பார்த்தீர்களா, தன் கோழிக்காக ஊரை இழுக்கிறார்!"

ராஜாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "சண்டை வேண்டாம். பௌர்ணமியன்று இருவரும் முட்டை கொண்டுவாருங்கள். கூண்டு முட்டை மட்டமாக இருந்தால் ஊர்க் கோழிகள் திரியட்டும். மட்டமில்லை என்றால் அத்தனையும் கூண்டுக்குள். சேந்தனாரே, என் வலப்பக்கத்தில் நீர் உட்காரும் ஆசனமும் வயிரவநாதருக்கு!"

வலப்பக்கத்து ஆசனம்! வயிரவநாதர் கோழிகளுக்குப் பாதாம் போட்டார், நெய்ச்சோறு போட்டார். தின்று தின்று அவை கொழுத்தன, உருண்டன, கடைசியில் முட்டையிடுவதையே நிறுத்திவிட்டன. பௌர்ணமியும் வந்துவிட்டது. மதில் மேலாக எட்டிப் பார்த்தால் அடுத்திருந்த மந்திரி வீட்டுக் கோழிகள் கரையான் புற்றைக் கிளறிக்கொண்டு, கூத்தடித்துக்கொண்டு திரிகின்றன.

மந்திரி முன்னதாகவே சபைக்குக் கிளம்பியதும், அரண்மனைக் காரியக்காரர் என்ற கௌரவத்தையெல்லாம் மறந்து மதில் ஏறிக் குதித்தார். வைக்கோல் போருக்கு அடியில் தவழ்ந்தார். அகப்பட்ட முட்டைகளைத் தலைப்பாகைக்குள் வைத்துக் கட்டிக்கொண்டு, கழுத்தை அசைக்காமல் நடந்து வந்தார்.

சபையில் இரண்டு பேர் முட்டையிலும் ஒவ்வொன்றை அவித்து உடைத்தார்கள். ஒரே நிறம், ஒரே ருசி. ராஜா விழித்தார். சேந்தனாரோ வயிரவநாதரின் தலைப்பாகையில் ஒட்டியிருந்த வைக்கோலைப் பார்த்தார்.

"அபாரம்!" என்றார் மந்திரி. "கூண்டுக்குள் வேறு யாராவது போவதுண்டா?"

"ஈ எறும்பு போகாது! சாவி என் இடுப்பில்."

"சேவல்?"

"சேவலா! விடியுமுன் கத்தி அரசர் தூக்கத்தைக் கெடுக்கிற அந்தப் பிராணிக்கு என் கூண்டில் ஒருநாளும் இடமில்லை!"

ஓரத்தில் நின்ற சமையல்கட்டுப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். வயிரவநாதர் அதை வியப்பு என்று நினைத்து நெஞ்சை நிமிர்த்தினார்.

"இப்பேர்ப்பட்ட முட்டையைத் தின்று தீர்க்கலாமா?" என்றார் சேந்தனார். "இவர் கொண்டுவந்ததில் மிச்சமுள்ளதை இந்தச் சபையிலேயே அடை வைப்போம். ஜாதி பெருகட்டும். தீர்ப்பை அப்புறம் சொல்லுங்கள், அரசே."

"வையுங்கள்! இன்றே வையுங்கள்!" என்று முந்திக்கொண்டு கத்தினவர் வயிரவநாதர்தான்.

சிம்மாசனத்துக்குப் பக்கத்தில் ஒரு அடைக்கோழி உட்கார்ந்தது. இரண்டு பக்கமும் வேல்பிடித்த காவலர்கள். ராஜா தினமும் குனிந்து பார்ப்பார். வயிரவநாதர் கோழியைப் பார்க்கவில்லை, வலப்பக்கத்து ஆசனத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒருநாள் காலை சபை முழுக்கக் கீச்சுக்கீச்சென்று சத்தம். மஞ்சள் பஞ்சாகக் குஞ்சுகள் வெளியே வந்தன.

"வாழ்க என் கூண்டு!" என்றார் வயிரவநாதர்.

"வாழட்டும்," என்றார் சேந்தனார். "அரசே, சேவலோடு சேராத கோழியும் முட்டையிடும். அடை வைத்தால் அது பொரிக்காமல் கூமுட்டையாகத்தான் போகும். சேவலே நுழையாத கூண்டு முட்டை எப்படிக் குஞ்சு பொரித்தது என்று இவரைக் கேளுங்கள். கையோடு, அன்றைக்கு இவர் தலைப்பாகையில் என் வீட்டு வைக்கோல் எப்படி ஏறியது என்றும் கேளுங்கள்."

வயிரவநாதரின் முகம் சுண்டிப்போயிற்று. ராஜா கேட்கவே வேண்டியிருக்கவில்லை.

"பொறாமை, அரசே, பொறாமை! அவர் முட்டையைத் தின்றுவிட்டுச் சிரித்தீர்கள். என் முட்டையைத் தின்று ஒருநாளாவது சிரித்தீர்களா?"

ராஜா, "அதை என்னிடம் கேட்டிருக்கலாமே ஐயா! அதற்காக ஊர்க் கோழிக்கெல்லாம் சிறையா?" என்றார். "கோழிகள் இஷ்டம்போல் திரியட்டும். அரண்மனைக் கூண்டையும் திறவும். இந்தக் குஞ்சுகளை நீரே வளர்த்து வாரும். பருந்து கொத்தாமல் பின்னாலேயே தெருத்தெருவாக ஓடும்! சேந்தனாரே, உமக்கு என்ன வேண்டும்?"

"வழக்கில் சாட்சி சொன்னது என் வீட்டுச் சேவல்தான், அரசே. கொடுப்பதை அதற்குக் கொடுங்கள்."

ராஜாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. சேவலைக் கொண்டுவரச் சொல்லி, பட்டு மெத்தை போட்டு, வலப்பக்கத்து ஆசனத்திலேயே உட்காரவைத்தார். குனிந்து அதன் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

கையில் குஞ்சுக் கூடையோடு நின்ற வயிரவநாதர் அதைப் பார்த்தார். மந்திரி மேலிருந்த பொறாமை அந்த நிமிஷமே போய்விட்டது. எல்லாம் சேவல் மேல் வந்து விழுந்தது.