தலை தீபாவளி லேகியம்

சத்தம் போடாம உக்காருங்க. கையில லேகியத்தை வச்சுக்கிட்டு மூஞ்சியைச் சுளிக்கிறவங்களுக்குத்தான் இந்தக் கதை.

ஒரு ஊர்ல, கொடிமல்லியூர்னு பேரு, தையல்நாயகின்னு ஒருத்தி இருந்தா. புருஷன் இல்லை. ஒரே பொண்ணு பூங்காவனம், அவளை ஆவணியிலதான் கட்டிக் குடுத்தா. அந்த வருஷம் தலை தீபாவளி. மாப்பிள்ளை வர்றார், கூடவே மாப்பிள்ளையோட அம்மாவும் வர்றாங்க. அந்த அம்மா யாரு தெரியுமா? கல்யாணப் பந்தியிலயே "பாயசத்துல முந்திரியை எண்ணிப் போட்டாங்களோ?"ன்னு கேட்டவங்க. தையல்நாயகிக்கு ஒரே கவலை. பலகாரம் குறைஞ்சா பொண்ணுதானே அங்க போய்ப் பேச்சுக் கேக்கணும்! அதனால வெல்லம், பச்சரிசி, நெய்யின்னு புரட்டாசியிலேர்ந்தே கொஞ்சம் கொஞ்சமா சேர்த்து வச்சிருந்தா.

அங்கதான் வந்து சேர்ந்தான் ஏகாம்பரம், அரண்மனை மடைப்பள்ளி மணியக்காரன். தீபாவளிக்கு நாலு நாள் இருக்கறப்ப வந்தான், "ராஜா உத்தரவு"ன்னான், ஊர் வெல்லத்தையெல்லாம் அள்ளிட்டுப் போனான். மறுநாள் வந்தான், "ராஜா உத்தரவு"ன்னான், பச்சரிசியை அள்ளிட்டுப் போனான். அதுக்கு மறுநாளும் வந்தான், "ராஜா உத்தரவு"ன்னான், நெய்யையும் தூக்கிட்டான்.

"ஐயா, எம் பொண்ணுக்குத் தலை தீபாவளிங்க. ஒரு கரண்டி நெய்யாவது விடுங்க"ன்னு அழுதா தையல்நாயகி.

"ராஜாவைவிட உன் மாப்பிள்ளை ஒசத்தியோ?"ன்னான். அடுப்படியை எட்டிப் பார்த்தான். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம் இருந்துச்சு. "சீ, இந்தக் கசாயச் சாமானை நீயே வச்சுக்கோ"ன்னு போயிட்டான்.

உத்தரவாவது ஒண்ணாவது! ராஜாவுக்கு ஒண்ணுமே தெரியாது, பாவம். எல்லாம் போனது ஏகாம்பரம் வீட்டுக்கு.

தையல்நாயகி அழுது முடிச்சா. அப்புறம் கண்ணைத் துடைச்சுக்கிட்டு, கசாயச் சாமானை வறுத்து இடிச்சா, பானை அடியில ஒட்டியிருந்த வெல்லத்தைச் சுரண்டினா, தலைக்குத் தேய்க்க வச்சிருந்த நல்லெண்ணெயில கொஞ்சம் ஊத்தி, சுருளச் சுருளக் கிண்டினா. ஒரு கிண்ணம் லேகியம் தேறிச்சு. அவ்வளவுதான் வீட்டுல.

தீபாவளி விடிஞ்சுது. எல்லாரும் எண்ணெய் தேச்சுக் குளிச்சு வந்து உக்காந்தாங்க. ஆளுக்கொரு உருண்டை லேகியத்தைக் கையில வச்சா.

"என்ன சம்பந்தியம்மா, பலகாரம் எங்க?"ன்னாங்க மாப்பிள்ளையோட அம்மா. பூங்காவனம் தலையைக் குனிஞ்சுக்கிட்டா. பெத்தவளுக்கு உசிரே போச்சு.

அப்ப வாசல்ல, "ஐயோ! அம்மா!"ன்னு ஒரு சத்தம். வந்து நின்ன பல்லக்குல யாருங்கறீங்க? ஏகாம்பரம்! குளிக்காம கொள்ளாம, ஒருத்தருக்கும் ஒண்ணு குடுக்காம, நெய்யப்பம் ஒரு கூடை, மனோகரம் ஒரு கூடை, மறுபடியும் நெய்யப்பம் ஒரு கூடைன்னு தின்னிருக்கான். வயிறு மத்தளமா உப்பிப் போச்சு. அரண்மனை வைத்தியர்கிட்ட ஓடினான், அவரோ "லேகியம் கிண்ட வெல்லம் வேணுமே, அதைத்தான் நீ அள்ளிட்டியே! கொடிமல்லியூர்ப் பக்கம் லேகிய வாசனை வருது, அங்க போ"ன்னுட்டார்.

தையல்நாயகி உருண்டையைக் கையில எடுத்தா. "எங்க வெல்லம் எங்க?"

"ராஜா உத்தரவு..."

"அப்ப லேகியமும் ராஜாகிட்டயே கேளு. எங்க அரிசி எங்க?"

"ராஜா... ஐயோ, வயிறு!"

"எங்க நெய் எங்க?"

"எல்லாம் எம் வீட்டுலதான் இருக்கு தாயே! ராஜாவுக்குத் தெரியாது! குடு தாயே!"

"எனக்கு என்ன தெரியாது?"ன்னு பின்னாடி ஒரு குரல். தீபாவளியன்னைக்கு ராஜா வீடு வீடா வந்து, "கங்கா ஸ்நானம் ஆச்சா?"ன்னு விசாரிக்கறது அந்த ஊர் வழக்கம். ஏகாம்பரம் தின்ன அவசரத்துல அதை மறந்துட்டான்!

தையல்நாயகி உருண்டையை அவன் வாயில போட்டா. போட்டுட்டுச் சொன்னா: "நரகாசுரன் சாகறப்பக்கூட, நான் செத்த நாள்ல எல்லாரும் எண்ணெய் தேச்சுக் குளிச்சு, வயிறாரத் தின்னு, சந்தோஷமா இருக்கணும்னுதான் வரம் கேட்டானாம். அசுரனுக்கு இருந்த மனசு உனக்கு இல்லையேடா!"

ராஜா உடனே ஆள் அனுப்பினார். வண்டி வண்டியா வெல்லமும் அரிசியும் நெய்யும் திரும்பி வந்துச்சு. மத்தியானத்துக்குள்ள தெருவெல்லாம் அடுப்பு, தெருவெல்லாம் பலகார வாசனை. மாப்பிள்ளையோட அம்மா பதினோரு நெய்யப்பம் தின்னாங்க. அப்புறம் மெதுவா, "சம்பந்தியம்மா, அந்த லேகியம் இன்னும் ஒரு உருண்டை இருக்குமா? இப்படியொரு கைப்பக்குவம் எங்க வீட்டுல யாருக்கும் வராது"ன்னாங்க. பூங்காவனம் மூஞ்சியைப் பார்க்கணுமே!

ஏகாம்பரத்துக்கு என்ன தண்டனை? வருஷா வருஷம் ஊருக்கே அவன்தான் சுக்கு இடிக்கணும், அவன்தான் லேகியம் கிண்டணும், வாசல் வாசலா நின்னு ஒவ்வொருத்தர் கையிலயும் வச்சுட்டு, கடைசி ஆளாத்தான் பலகாரம் தின்னணும். அன்னைக்கிலேர்ந்து அந்த ஊர்ல முதல்ல லேகியம், அப்புறம்தான் பலகாரம்.

கதை உள்ளே இறங்கிடுச்சு, லேகியமும் இறங்கட்டும். எங்கே, வாயைத் திற.