நரி சொன்ன புது விதி

மூங்கில் மண்டிய ஒரு காட்டில், கோடை வந்தால் ஒரே ஒரு குட்டையில்தான் தண்ணீர் நிற்கும். சித்திரை வெயில் கொளுத்திய ஒரு நாள், கரடி ஒன்று அந்தக் குட்டைக் கரையில் வந்து காலை நீட்டிப் படுத்துக்கொண்டது.

"இன்று முதல் இது என் குட்டை. நானும் என் காட்டுப்பன்றிகளும்தான் இதில் குடிப்போம். மற்றவர்கள் இரண்டு மலை தாண்டி ஆற்றுக்குப் போங்கள்!" என்று உறுமியது.

ஆற்றில் முதலைகள் இருந்தன. அது எல்லா விலங்குகளுக்கும் தெரியும். ஆனாலும் மான்கள் மண்ணைப் பார்த்தன. முயல்கள் காதை மடக்கிக்கொண்டன.

அந்தக் கூட்டத்தில் தும்பை என்று ஒரு சருகுமான் இருந்தது. முயலைவிடக் கொஞ்சம்தான் பெரியது. தலையில் கொம்புகூடக் கிடையாது. அதன் கால்கள் வெடவெடவென்று நடுங்கின. ஆனால் குரல் நடுங்கவில்லை.

"கரடியாரே, இந்தக் குட்டையை வெட்டியது நீங்களா?"

"யாரடா அது, என் காலடியில் கத்துவது?"

"நான்தான், தும்பை. நான் ஆற்றுக்குப் போக மாட்டேன். இங்கேதான் குடிப்பேன்."

கரடி வயிறு குலுங்கச் சிரித்தது. அந்தக் காட்டில் கைப்பந்து ஆட்டத்தில் கரடியை யாரும் வென்றதே இல்லை. அந்தத் தைரியத்தில், "அப்படியா? கைப்பந்து ஆடுவோம், வா. நீ வென்றால் குட்டை உன்னுடையது. தோற்றால், எல்லோரும் வாயை மூடிக்கொண்டு ஆற்றுக்கு நடையைக் கட்டுங்கள்" என்றது.

"சரி" என்றது தும்பை.

அதனுடன் சேர்ந்து ஆட ஆமையும் அணிலும் மட்டுமே முன்வந்தன. கரடியின் அணியில் இரண்டு காட்டுப்பன்றிகள். நடுவர் நரி. அது கரடி தின்று மிச்சம் வைக்கும் தேனடையை நக்கியே வளர்ந்த நரி.

இரண்டு மரங்களுக்கு நடுவே கொடியால் வலை கட்டினார்கள். நரி ஒரு பாறைமேல் ஏறி நின்று விதிகளைச் சொன்னது.

"பந்து உங்கள் பக்கம் தரையில் விழக் கூடாது. மூன்று தொடுதலுக்குள் அதை வலைக்கு அப்பால் அனுப்பிவிட வேண்டும். ஒருவரே அடுத்தடுத்து இரண்டு முறை தொடக் கூடாது. அடித்த பந்து கோட்டுக்கு வெளியே விழுந்தால் புள்ளி எதிர் அணிக்கு. புள்ளி எடுத்தவர்தான் அடுத்த பந்தைப் போட வேண்டும். முதலில் பத்துப் புள்ளி எடுப்பவருக்கு வெற்றி!"

ஆட்டம் தொடங்கியது. கரடி கையை ஓங்கி அடித்த அடியில் பந்து இடி மாதிரி வந்து விழுந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று கரடிக்குப் புள்ளி ஏறிக்கொண்டே போனது.

"அக்கா, பந்து கண்ணுக்கே தெரியவில்லையே!" என்று அணில் அழாக்குறையாகச் சொன்னது.

"வேகத்தோடு மோதாதே. வேகத்தை முதலில் சாகவிடு" என்றது தும்பை. "ஆமை அண்ணா, நீங்கள் பந்துக்கு அடியில் போய் நின்றுகொள்ளுங்கள். மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்."

அடுத்த அடி வந்தது. ஆமை தன் ஓட்டில் அதை வாங்கியது. பந்து வேகம் இழந்து மேலே எழும்பியது. தும்பை தலையால் அதை வலையோரம் உயரத் தூக்கிக் கொடுத்தது. அணில் துள்ளி எழுந்து, எதிர்ப்பக்கம் ஆளில்லாத இடம் பார்த்து மெல்லத் தட்டிவிட்டது. பன்றிகள் பாய்ந்து வருவதற்குள் பந்து தரையில் விழுந்தது.

கூட்டம் 'ஓ'வென்று கத்தியது. அப்படியே தொடர்ந்து ஆடி, கரடி ஏழு, தும்பை எட்டு என்று ஆகிவிட்டது. அந்த எட்டில் ஐந்து, ஆமை ஓட்டில் வாங்கியதால் கிடைத்தவை.

கரடி நரியை ஒரு பார்வை பார்த்தது. நரி தொண்டையைச் செருமிக்கொண்டது.

"ஆட்டத்தின் பெயர் என்ன? கைப்பந்து! பந்தைக் கையால்தான் தொட வேண்டும். ஓடு, தலை, வயிறு என்று வேறு எங்கே பட்டாலும் குற்றம். புள்ளி எதிர் அணிக்கு. ஆமை ஓட்டில் வாங்கி எடுத்த ஐந்து புள்ளியும் செல்லாது!"

"இதை நீர் முதலில் சொல்லவில்லையே?" என்றது தும்பை.

"இப்போது சொல்கிறேனே!"

எட்டு மூன்றாகிவிட்டது. ஆமையின் குட்டைக் கைக்குப் பந்து எட்டவில்லை. கரடி சட்டென்று இன்னும் இரண்டு எடுத்து ஒன்பதுக்கு வந்தது. இனி ஒரே ஒரு புள்ளிதான் பாக்கி.

"விட்டுவிடுவோம், தும்பை" என்று ஆமை தழுதழுத்தது. "விதியே அவர்கள் பக்கம் இருக்கும்போது நாம் என்ன செய்ய முடியும்?"

தும்பைக்கு நெஞ்சு கொதித்தது. கரடியை ஏற இறங்கப் பார்த்தது. அதன் பெரிய தொப்பையில் கண் நின்றது.

"நடுவரே, இந்தப் புது விதி இரண்டு அணிக்கும்தானே?"

"பின்னே? விதி என்றால் எல்லோருக்கும் ஒன்றுதான்!" என்று நரி நெஞ்சை நிமிர்த்தியது.

"அப்படியானால் காடே கேட்கும்படி இன்னொரு தடவை சொல்லும்."

நரி குஷியாக, தொண்டை கிழிய மறுபடியும் சொன்னது.

வெற்றி மிதப்பில் கரடி அடுத்த பந்தை மலையைப் பிளப்பதுபோல் அடித்தது. அது கோட்டைத் தாண்டி ஒரு புதருக்குள் போய் விழுந்தது. எல்லோரும் பார்த்துவிட்டார்கள், நரியால் மறைக்க முடியவில்லை. தும்பைக்கு நான்கு. இப்போது பந்து போடும் முறை தும்பையுடையது.

தும்பை பந்தைத் தாழ்வாகப் போட்டது. நேராகக் கரடியின் தொப்பைக்கு!

கரடிக்குக் கையை ஓங்கி அடிக்கத்தான் தெரியும். குனிந்து, இரண்டு கையையும் சேர்த்துப் பந்தை வாங்க அது பழகியதே இல்லை. 'தொப்' என்று பந்து வயிற்றில் பட்டு எழும்பியது. ஒரு பன்றி ஓடி வந்து அதைத் திருப்பி அடித்தது.

"வயிற்றில் பட்டது! குற்றம்!" என்று கூட்டம் கத்தியது. நரி முனகிக்கொண்டே ஐந்து என்றது.

மறுபடியும் தொப்பை. ஆறு. கரடி பன்றியின் பின்னால் ஒளிந்தது. பந்து பன்றியின் மூக்கில் பட்டுத் தரையில் விழுந்தது. ஏழு. கரடி பக்கவாட்டில் திரும்பி நின்றது. அந்தப் பக்கமும் தொப்பைதான். எட்டு. ஒன்பது!

அடுத்த பந்தும் தொப்பையில் பட்டதும் கரடி நரியைப் பார்த்துப் பல்லைக் கடித்தது. நரி பதறிப்போய், "இது... இது குற்றமில்லை! வயிறும் உடம்புதானே? செல்லும், செல்லும்!" என்றது.

தும்பை பாறையடிக்குப் போய் நின்றது. இப்போது அதன் கால்கள்கூட நடுங்கவில்லை.

"வயிறு செல்லும் என்றால் ஓடும் செல்லும். தொப்பையில் கிடைத்த நான்கைக் கழித்துக்கொண்டு, எங்களிடம் பறித்த ஐந்து புள்ளியைத் திருப்பிக் கொடும். செல்லாது என்றால் இந்த ஒரு புள்ளியைக் கொடும். எதைக் கொடுத்தாலும் எங்களுக்குப் பத்துக்குக் குறையாது. எதைக் கொடுக்கிறீர்?"

அதுவரை மண்ணைப் பார்த்து நின்ற மான்கள் தலையை நிமிர்த்தி, "சொல்லும்! சொல்லும்!" என்று குளம்பால் தரையை உதைத்தன. முயல்களும் உதைத்தன. காடே அதிர்ந்தது. நரி பாறையிலிருந்து குதித்துத் திரும்பிப் பார்க்காமல் ஓடியது.

மற்ற விலங்குகள் எல்லாம் குட்டையை நோக்கி வரிசை கட்டின. கரடி மட்டும் தாகத்தோடு நின்றது. "நான் ஆற்றுக்குப் போகவேண்டுமா?" என்று மெதுவாகக் கேட்டது.

"வேண்டாம். இங்கேயே குடியும்" என்றது தும்பை. "ஆனால் வரிசையில் வாரும்."

கரடி வரிசையின் கடைசியில் போய் நின்றது. அதற்கு முன்னால் ஆமை தண்ணீரை நோக்கி நடந்துகொண்டிருந்தது, தன் வழக்கமான வேகத்தில்.

நீதி: எளியவரை வீழ்த்த வளைத்த விதி, வளைத்தவரையே வீழ்த்தும்.