திரைக்குள்ளே மாட்டிக்கொண்ட ராஜா

அரியமலையை ஆண்ட பூபதி ராஜாவுக்குக் கூத்து என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். கூத்துப் படிக்க என்றே ஒரு கலாசாலை கட்டிவைத்திருந்தார். அதற்குத் தலைவர் நாகலிங்கப் பண்டிதர். பிறந்ததிலிருந்து ஒரு கூத்தையும் அவர் முழுசாகப் பார்த்ததில்லை, தூக்கம் வந்துவிடும். அதனால் என்ன? பாடத்திட்டத்தைத் திருத்த அதெல்லாமா வேண்டும்?

ஒரு நாள் சபையில் ஓலையை விரித்தார் பண்டிதர்.

“மகாராஜா, புதுப் பாடத்திட்டம். ‘கிரீடத்தின் வரலாறு’ ஒரு வருஷம். ‘திரைச்சீலைத் தத்துவம்’ ஒரு வருஷம். கட்டியங்காரன் பாடம் நீக்கம்.”

கட்டியங்காரன்தான் கூத்தில் கோமாளி; ராஜா வேஷத்துக்குக் காவலனும் அவனே. கன்னியப்ப வாத்தியார் முப்பது வருஷமாக அந்த ஒரு பாடத்தைத்தான் நடத்துகிறார். பாடம் போனால் அவரும் மூட்டை கட்டவேண்டியதுதான். மூலையில் நின்ற மனுஷருக்கு முகம் செத்துப்போனது.

“ஏனய்யா நீக்கம்?” என்றார் ராஜா.

“கட்டியங்காரன் பெரியவர்களைக் கேலி பேசுகிறான், மகாராஜா. போன மாசம் என் தொந்தியைப் பற்றி…”

சபையில் பலருக்கு ஒரே நேரத்தில் இருமல் வந்தது.

ராஜாவின் பக்கத்தில் இருந்த அரண்மனை விகடகவி அப்பாண்டை எழுந்தான். அங்கே வாய்த்துடுக்கு அவனுக்குத்தான்.

“பண்டிதரய்யா சொல்வது ஞாயம். முத்திரை வைக்குமுன் புதுத் திட்டப்படி ஒரே ஒரு கூத்து பார்த்துவிடலாமே? கட்டியங்காரன் தலையே தெரியக்கூடாது. சரிதானே ஐயா?”

“பேஷாக!” என்றார் பண்டிதர்.

வெள்ளிக்கிழமை ஊரே கூடிவிட்டது. மத்தளம் முழங்கியது. இரண்டு பேர் திரையைப் பிடித்தார்கள். அதற்குமேல் ராஜா வேஷக்காரரின் கிரீடம் மட்டும் தெரிந்தது. ஆடியது. ஆடிக்கொண்டே இருந்தது. வேஷக்காரருக்கு மூச்சு வாங்குவது முன்வரிசை வரை கேட்டது.

பூபதி ராஜா நெளிந்தார். “என்னய்யா இது? வெளியே வரமாட்டானா?”

“எப்படி வருவார், மகாராஜா? ‘திரைக்குள்ளே யார்?’ என்று கட்டியங்காரன் கேட்கவேண்டும். இவர் பேரும் ஊரும் சொல்லவேண்டும். அப்புறம்தான் திரை இறங்கும். அதுதானே கூத்து வழக்கம்! கேட்கத்தான் ஆள் இல்லையே” என்றான் அப்பாண்டை.

பண்டிதருக்கு வியர்த்தது. எழுந்து மேடைக்கே ஓடினார்.

“யாரடா திரைக்குள்ளே? பேரைச் சொல்லித் தொலை!”

“மேகபுரி ஆளும் மேகவர்ண ராஜன் நானே!”

திரை இறங்கியது. மத்தளம் வெளுத்து வாங்கியது. வேஷக்காரர் பழக்கதோஷத்தில் பண்டிதரைப் பார்த்து அதட்டினார்: “அடே காவலா! ஆசனம் போடு!”

“யாரடா காவலன்? நான் கலாசாலைத் தலைவனடா!” என்று பண்டிதர் துள்ளினார். கூடவே தொந்தியும் துள்ளியது.

ஜனம் புரண்டு புரண்டு சிரித்தது. ராஜாவுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அந்தச் சிரிப்போடே ஓலையைக் கிழித்தார். கன்னியப்ப வாத்தியாருக்குப் பட்டு போர்த்தினார். அப்பாண்டை கையில் தங்கக் காப்பு ஏறியது.

பண்டிதர் மெல்ல வந்தார். “அப்பாண்டை, என்னை என்ன செய்யப்போகிறார்களோ?”

“உங்களை விடுவோமா ஐயா? வாத்தியார் லீவு போடுகிற நாளில் கட்டியங்காரன் பாடம் உங்களுக்குத்தான். ஒன்றும் படித்துவர வேண்டாம். எப்போதும் போல வந்து நின்றாலே போதும்!”